பல்பு டீச்சரின் சனிக்கிழமை

அந்தப் பள்ளிக்கூடத்தில் லேப் மாடியில் இருந்தது. தண்ணீர்க் குழாய் கீழே இருந்தது. என்ன நினைப்பில் அப்படிக் கட்டினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அறிவியல் பாடத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், அங்கே கூட்டித் துடைக்கிற லேப் அக்காதான் வாளியில் பிடித்துக்கொண்டு படியேற வேண்டும். அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. வெளியே சொன்னால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு "கடவுளே" போட்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். மிதப்பது, மூழ்குவது, கரைவது என்று தண்ணீர் தொட்ட எந்தப் பாடமானாலும் இனிமேல் குழாயடியில்தான் என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இது கிளாஸா, துணி துவைக்கிற இடமா?"

"தண்ணிப் பாடம் தண்ணி ஓடுற இடத்துலதான் மேடம் மண்டையில ஏறும்."

லேப் அக்காவும் அது ஏதோ புதுப் படிப்பு முறை என்றுதான் நம்பினாள். உச்சி வெயிலில் நின்று நின்று டீச்சருக்குத் தலைவலி வந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருத்தி, "ஏன் இந்தப் பாடு? மேலேயே நடத்தலாமே" என்று கேட்டபோது, இவர் பார்வை ஒரு நொடி லேப் அக்காவின் முழங்காலுக்குப் போய் வந்தது. பிறகு பேச்சை மாற்றிவிட்டார். அந்த ஒரு நொடியில்தான் அக்காவுக்கு விஷயம் விளங்கியது. அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது தன் பிள்ளைகளின் பெயரோடு டீச்சரின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பல்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேட்டரியும் ஒயரும் வைத்து, "இப்ப பாருங்க, எரியும்" என்றிருக்கிறார். எரியவில்லை. திரும்பத் திரும்ப மாட்டியும் எரியவில்லை. "டீச்சர் பல்பு வாங்கிட்டாங்கடா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றிலிருந்து ஊர் முழுக்க அதே பெயர். வேறொருவர் என்றால் அந்தப் பிள்ளையின் காதைத் திருகியிருப்பார்கள். இவர் அந்தப் பல்பை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்துக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, தான் தனியாக நின்றுவிட்டவர். பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். நெஞ்சில் இழுப்பு உண்டு. பனி இறங்கும் மாதங்களில் கைப்பையில் மருந்து ஊதிக்கொள்ளும் இன்ஹேலர் இல்லாமல் வெளியே வரமாட்டார். "எனக்கு ஏன் புருஷன்? மூச்சு விடவே நேரம் பத்தலை" என்று தானே கேலி செய்துகொள்வார்.

சனிக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தது அவர்தான். ஊரைச் சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் நடத்துகிறவர்கள் எல்லாம் தனித்தனித் தீவு மாதிரி இருந்தார்கள். பயிற்சி என்று கூப்பிட்டால் போய் உட்கார்ந்து, யாரோ ஓட்டுகிற படத்தைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வருவார்கள். "மத்தவங்க சொல்றதைக் கேட்டது போதும். நம்ம பொழப்பை நாமளே பேசுவோம்" என்று பல்பு டீச்சர் ஒவ்வொரு பள்ளியாக நடந்துபோய்க் கூப்பிட்டார். முதல் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. லேப் அக்கா போட்ட டீயை அவளும் டீச்சரும் மட்டும் சிரித்துக்கொண்டே ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தார்கள். பிறகு ஒருவர், இருவராக வர ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றாக நடந்த பாடத்தைப் பற்றி அங்கே பேசக்கூடாது. அந்த வாரம் வகுப்பில் பிசகிப்போன பாடத்தைத்தான் கொண்டுவர வேண்டும். "இந்த வாரம் யாரு பல்பு வாங்கினது?" என்று கேட்டு டீச்சர் அந்தப் பழைய பல்பை மேஜையில் உருட்டுவார். எடுத்துக்கொண்டவர் பேச வேண்டும். பேசி முடித்ததும் யாரும் புத்தி சொல்லக்கூடாது. முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம்: "பிள்ளைங்க என்ன சொன்னாங்க?" பிள்ளை என்ன சொன்னது, ஏன் அப்படிச் சொன்னது என்பதை எல்லாரும் சேர்ந்து தோண்டி எடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு.

முதன்முதலில் பேசியது டீச்சரே. இரண்டு பல்பை வரிசையாக மாட்டிக் காட்டியிருக்கிறார். அவசரத்தில் இரண்டும் வேறு வேறு ரகம். ஒன்று பளிச்சென்று எரிய, அடுத்தது மங்கலாக எரிந்தது. வகுப்பே ஒன்றுபோல, முதல் பல்பு கரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததுக்கு விடுகிறது என்று எழுதி வைத்துவிட்டது. "வீட்ல மூத்தவன் தின்னுட்டு மிச்சம் வைக்கிற மாதிரியாம். ஒருத்தன் எனக்கே விளக்கம் சொல்றான்" என்று டீச்சர் சொன்னபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய லேப் அக்காவுக்கு அதில் எது சரி, எது தப்பு என்று தெரியாது. ஆனால் பெரியவர்கள் தங்கள் தப்பைச் சொல்லிச் சிரித்தது அவளுக்குக் கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளியிலிருந்து கணக்கு சார் வருவார். கூட்டத்துக்கு உப்பு அவர்தான். வாசலில் நுழையும்போதே, "அக்கா, டீயில சர்க்கரை விகிதம் போன வாரம் தப்பு. மறுகூட்டலுக்குப் போட்டிருக்கேன்" என்பார்.

"நாக்கைக் கழுவிட்டு வாங்க சார், எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்பாள் அக்கா.

அவர் வீடு அவருடைய பள்ளிக்கு அடுத்த தெரு. படுத்த படுக்கையாக அம்மா இருந்தார். மனைவி துணிக்கடையில் வேலை பார்த்ததால், மத்தியான மணி அடித்ததும் சார் ஓடிப்போய் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டி, வாய் துடைத்துவிட்டுத் திரும்ப ஓடிவருவார். அந்தக் கிழவி வேறு யார் கையிலும் வாய் திறக்கமாட்டாள். "எங்கம்மாவுக்கு நான்தான் கரண்டி" என்பார்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு நாள் பல்பு டீச்சரைக் கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் லேபைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு விடப்போவதாகச் சொன்னார். கரண்ட் செலவு, கேட் திறக்க ஆள் என்று யாரோ புகார் சொல்லியிருந்தார்கள்.

"மேலிடத்துல இது அங்கீகாரம் உள்ள கூட்டம்னு ஒரு வார்த்தை வரட்டும் டீச்சர். எனக்கென்ன, தாராளமா நடத்துங்க. இல்லன்னா என் தலைதான் உருளும்."

அறை போனால் கூட்டம் போய்விடும். எங்கோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்து யாரும் தன் தப்பைச் சொல்லமாட்டார்கள். அது டீச்சருக்குத் தெரியும். கல்வி ஆபீசுக்குப் போய், ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கும்படி அதிகாரியையே அழைத்துவிட்டு வந்தார். வந்ததும் லேப் அக்காவிடம் தோள் துண்டை உதறுவது போலக் கையை உதறிக்கொண்டு, "அவ்வளவுதான்க்கா. ஒரு தடவை பார்த்தார்னா விடவே மாட்டார்" என்றார். கூட்டத்தாரிடமும் சொல்லி வைத்தார்: "வேஷம் கட்டாதீங்க. எப்பவும் போல இருங்க. அதுதான் நம்ம பலம்."

அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். டீயை முழுசாகக் குடித்தார், கண்ணாடி அலமாரியைப் பாராட்டினார். லேப் அக்கா அன்றைக்கென்று புதுத் துணி விரித்து, அடுக்களைத் தம்ளரை விட்டுவிட்டுக் கண்ணாடித் தம்ளரில் டீ வைத்திருந்தாள். பல்பு மேஜையில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை. உருண்டு விளிம்புக்குப் போனதைக் கீழே விழாமல் கணக்கு சார் பிடித்துவிட்டார். பிடித்துவிட்டாரே தவிர, பேசாமல் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. டீச்சர் லேசாகத் தலையை அசைத்தார். சும்மா சொல்லுங்க என்கிற மாதிரி.

கதவோரம் நின்ற லேப் அக்கா அந்தத் தலையசைப்பைப் பார்த்தாள்.

சார் சொன்னார்: "பின்னம் நடத்தினேன் சார். கீழ இருக்கிற எண் பெரிசானா மதிப்பு சின்னதுன்னு சொல்லிக் கொடுப்பேன். பசங்க அதை மந்திரம் மாதிரி சொல்லுவாங்க. இந்த வாரம் அரை பெரிசா, முக்கால் பெரிசான்னு கேட்டேன். அரைதான் பெரிசுன்னுட்டாங்க. ஏன்டான்னா, முக்காலுக்குக் கீழ நாலு இருக்காம், அதனால சின்னதாம். தப்பு அவங்களோடது இல்ல. என் மந்திரத்துலதான். வேலைக்கு வந்த நாள்லருந்து இதையேதான் சொல்லிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தார். கூடவே சிரிக்க வேண்டியவர்கள் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பிள்ளைங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்க வேண்டிய இடத்தில் அதிகாரி கேட்டார்:

"வேலைக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

சார் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். "வெளிப்படையாப் பேசுறீங்க, நல்லது" என்றார். கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அறை கிடைத்துவிட்டது. அனுமதி வந்த அதே வாரம் கணக்கு சாருக்கு மாறுதல் ஆணையும் வந்தது. இத்தனை வருஷமாகத் தவறாகக் கற்பித்ததைத் தாமே ஒப்புக்கொண்டவர் என்று காரணம் சொன்னார்கள். மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பஸ் மாறி மாறிப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தால் அதிகம்.

பல்பு டீச்சர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "அவர் தப்பு பண்ணலை சார், தப்பைக் கண்டுபிடிச்சார்" என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார். மேலே போய்விட்ட விஷயம், கீழே இழுக்க முடியாது என்றார். கணக்கு சார் புறப்படுவதற்கு முந்தின நாள் டீச்சர் அவர் வீட்டுக்குப் போனார். துணைக்கு லேப் அக்காவும் போனாள். சார் அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், நான்..."

"நீங்க தலையாட்டினீங்க டீச்சர்" என்றார் அவர், கரண்டியைப் பார்த்துக்கொண்டே. "நான் வாயை மூடிட்டு இருந்திருப்பேன். நீங்க தலையாட்டினீங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் டீச்சருக்கு இழுப்பு. பேக்கரி வாசலில் நின்று மருந்தை ஊதிக்கொண்டார். ரொட்டி வாசனை காற்றில் கிடந்தது. லேப் அக்கா அவர் முதுகைத் தடவிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு மூன்று நான்கு பேர் வந்தார்கள். பல்பு உருண்டது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் எடுத்துக்கொண்டு, "எனக்கு இந்த வாரம் எல்லாமே நல்லா போச்சு டீச்சர்" என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லோருக்கும் எல்லாமே நல்லா போயிருந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து யாரும் வரவில்லை. அனுமதி வாங்கின அறையில் டீச்சர் மட்டும் வந்து உட்கார்ந்தார். அக்கா டீ போட்டாள். ஆளுக்கு இரண்டு தம்ளர் என்பது திரும்ப வந்துவிட்டது. ஆனால் முதல் சனிக்கிழமையில் இருந்த சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் டீச்சர், "அக்கா, என்கூட ஆபீஸ் வரைக்கும் வர்றீங்களா? மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டார். ஆபீஸில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லேப் அக்காவின் காதில் எல்லாம் விழுந்தது. டீச்சர் தனக்கு அந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கே மாறுதல் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்குக்கும் அறிவியலுக்கும் இரண்டு பள்ளியிலும் ஒரே பணியிடம்தான். இவர் மேலே போனால் அவர் கீழே இவர் இடத்துக்கு வரலாம்.

கிளார்க் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அந்த ஊருக்குத் தண்டனையாத்தான்மா அனுப்புவாங்க. யாரும் கேட்டு வாங்கினதில்லை. அங்க குளிர் எலும்புல ஏறும்."

"எனக்குக் குளிர் பிடிக்கும் சார்" என்றார் டீச்சர். சொல்லி முடிக்கும் முன்பே இருமல் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் லேப் அக்கா வாய்விட்டு அழுதுவிட்டாள். "இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு அங்க போயி என்ன டீச்சர் பண்ணுவீங்க?"

"பிள்ளைங்க எங்கயும் பிள்ளைங்கதான்க்கா. அந்த அம்மாவுக்கு அவர் கையில சாப்பிட்டாத்தான் உண்டு. சீக்கிரம் ஆர்டர் வந்துட்டா போதும்."

சீக்கிரம் வரவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சியோடு போனபோது கிழவி வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம். சாயங்காலம் மருமகள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மகன் வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. துக்கம் கேட்கப் போன டீச்சரை, கணக்கு சார் கூடத்திலிருந்து பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். டீச்சர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஆர்டர் தயாரானது. கிளார்க் நல்ல மனிதர். "யாருக்காகக் கேட்டீங்களோ, அந்தம்மாதான் இல்லையே. இன்னும் கையெழுத்தாகலை, வேண்டாம்னா நிறுத்திடலாம்" என்று சொல்லிப் பார்த்தார். டீச்சர் கேட்கவில்லை. "அவர் சம்சாரம், பிள்ளைங்க எல்லாம் இங்கதானே சார் இருக்காங்க" என்றார்.

டீச்சர் மலைக்குப் போனார். கணக்கு சார் டீச்சரின் நாற்காலிக்கு வந்தார். டீச்சரையும் தண்டனையாகத்தான் தூக்கி அடித்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படியே நம்பினார். "அவங்களும் வாங்கிக் கட்டிக்கிட்டாங்களா" என்று ஒரு தடவை கேட்டார். அக்கா துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தாள். பொய் சொன்னால் சாமிக்கு ஆகாது. உண்மையைச் சொல்ல அவளுக்கு உத்தரவு இல்லை.

அவர் பழைய ஆள் இல்லை. கேலி இல்லை, சர்க்கரை விகிதம் இல்லை. மணி அடித்தால் வருவார், மணி அடித்தால் போவார். மத்தியான மணிக்கு மட்டும் பழக்கத்தில் சட்டென்று எழுந்துவிடுவார். எழுந்து நின்று, எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்காருவார். லேப் அக்கா அந்த நேரத்தில் அவர் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் அவள் லேபைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, திரும்பப் பூட்டினாள்.

மறு பனிக்காலத்தில் காலைப் பிரார்த்தனையின்போது ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கில் சொன்னார். இந்தப் பள்ளியில் நெடுநாள் வேலை பார்த்த அறிவியல் ஆசிரியை மலையில் உடல்நலமில்லாமல் காலமானார். ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. பெரிய பிள்ளைகளில் ஒருத்தி, "பல்பு டீச்சரா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். லேப் அக்காவுக்கு மௌனமாக நிற்க முடியவில்லை. குழாயடிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் லேபைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கணக்கு சார் வந்தார். கதவருகே நின்றார். பிறகு உள்ளே வந்து அந்த நீள மேஜையில், முன்பு தான் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்தார். பல்பு இருந்தது. மலைக்குப் போகும்போது டீச்சர் அதை எடுத்துப் போகவில்லை.

லேப் அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"யாரு போடச் சொன்னது?" என்றார்.

அவள் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "நேத்து திரும்பப் பின்னம் நடத்தினேன்க்கா. திரும்பப் பிசகிடுச்சு" என்றார்.

அக்காவுக்குப் பின்னமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அந்த அறையில் அடுத்து கேட்க வேண்டியது எது என்பது மட்டும் காதில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க சார்?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று லேப் அக்காவுக்குத் தோன்றியது. உதடு வரைக்கும் வந்தது. ஆனால் டீச்சரைக் கடைசியாகப் பார்த்த காலை அவள் கண்முன்னே வந்து நின்றுகொண்டது.

பஸ் ஸ்டாண்டில் அவள்தான் பெட்டியை ஏற்றிவிட்டாள். வேறு யாரும் வரவில்லை. தூறல். டீச்சர் கழுத்தில் சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் கையைத் தன் கையால் மூடினார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க டீச்சர்" என்றாள் அக்கா.

டீச்சர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டி நகரத் தொடங்கியபோது தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"சனிக்கிழமை என்னிக்காவது கணக்கு சார் லேப் பக்கம் வந்தார்னா, ஒரு டீ போட்டுக் கொடுங்கக்கா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."